இலையுதிர் காலக் கண் அரிப்பும் ஒரு மாத்திரை கெடுத்த பரிசோதனையும்

எதற்கு ஒவ்வாமை என்று கைத் தோலில் பார்க்கும் பரிசோதனைக்கு நாள் வாங்கியிருக்கிறீர்களா? அலர்ஜி மாத்திரையை எப்போது நிறுத்த வேண்டும் என்று இன்றைக்கே போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். என்னிடம் யாரும் சொல்லவில்லை. வாரக்கணக்கில் காத்திருந்து, லீவு போட்டுப் போய், சட்டைக் கையை மடித்துவிட்டு உட்கார்ந்த பிறகு நர்ஸ் கேட்கிறார்: "கடைசியா அலர்ஜி மாத்திரை எப்பப் போட்டீங்க?"

"நேத்து ராத்திரி."

"அப்படின்னா இன்னிக்குப் பண்ண முடியாதுங்க. ஒரு வாரம் நிறுத்திட்டு வாங்க."

அவர் சொன்னது நியாயம்தான். அந்த மாத்திரை உடம்பில் இருந்தால் தோலில் தடிப்பு எழும்பாது. ஒவ்வாமை இருந்தாலும் இல்லை என்றே முடிவு வரும். ஆனால் எனக்கு வந்த கடிதத்தில் தேதி, நேரம், எத்தனையாவது மாடி எல்லாம் இருந்தது, இந்த ஒரு வரி மட்டும் இல்லை. வரவேற்பில் கேட்டால், "டாக்டர் சொல்லியிருப்பாரே" என்றார்கள். டாக்டரோ கடிதத்தில் இருக்கும் என்று விட்டுவிட்டார். இரண்டு பேருக்கும் நடுவில் என் கண் சிவந்துகொண்டே இருந்தது.

இலையுதிர் காலம் வந்தாலே எனக்குக் கண் தொல்லைதான். கோடையோடு மகரந்தம் ஓய்ந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ராக்வீட் போன்ற களைச்செடிகள் பூப்பதே கோடைக் கடைசியில்தான். முதல் உறைபனி விழும் வரை அந்த மகரந்தம் காற்றில் இருக்கும். உதிர்ந்து நனைந்து கிடக்கும் இலைகளுக்கு அடியில் பூஞ்சை வளர்ந்து அதன் வித்துகளும் சேர்ந்துகொள்ளும். இது போதாதென்று குளிருக்குப் பயந்து ஜன்னலை மூடி ஹீட்டரைப் போட்டால் அறைக் காற்று வறண்டுவிடும்.

முதலில் போனது மருந்துக் கடைக்கு. அரிக்கிறதா, எரிகிறதா, பீளை தள்ளுகிறதா, லென்ஸ் போடுகிறீர்களா என்று ஒரு கேள்வி இல்லை. "சிவப்பு போயிடும்" என்று ஒரு பாட்டிலை நீட்டினார்கள். போகவும் போனது, சில மணி நேரத்துக்கு. அது ரத்தக் குழாயைச் சுருக்கும் மருந்து. தொடர்ந்து விட்டால் மருந்தின் வேகம் குறைந்ததும் சிவப்பு முன்பைவிட அதிகமாகத் திரும்பி வரும். எனக்கு அப்படித்தான் வந்தது. அந்தப் பாட்டிலைப் பற்றி இப்போது நினைத்தாலும் கோபம் வருகிறது.

கண் டாக்டரிடம் பிரச்சினை இல்லை. ஆரஞ்சு நிறச் சாயம் தொட்டு வைத்து நீல விளக்கில் பார்த்தார். அப்புறம் கீழிமையில் ஒரு மெல்லிய காகிதப் பட்டையைக் கொக்கி போல மாட்டி 5 நிமிடம் கண்ணை மூடச் சொன்னார். 10 மில்லிமீட்டருக்கு மேல் நனைந்தால் கண்ணீர் போதும், 5-க்குக் கீழே போனால் கடும் வறட்சி. என்னுடையது இரண்டுக்கும் நடுவில் நின்றது. ஆக ஒவ்வாமை, வறட்சி இரண்டும் சேர்ந்திருக்கிறது என்றார். அரிப்புதான் பெரிதென்றால் ஒவ்வாமையாக இருக்கலாம், மணல் விழுந்தது போல் உறுத்தி எரிந்தால் வறட்சியாக இருக்கலாம் என்று அவர் சொன்ன கணக்கு எனக்கு மிகவும் உதவியது. வாயால் சாப்பிடும் அலர்ஜி மாத்திரைகளில் பல கண்ணீரையும் வற்ற வைக்கும் என்பது அன்றுதான் தெரிந்தது. எதற்கு ஒவ்வாமை என்று கண்டுபிடிக்கத்தான் அந்தத் தோல் பரிசோதனை.

திருப்பி அனுப்பப்பட்ட அன்று நான் சும்மா வீட்டுக்கு வரவில்லை. யாராவது ரத்து செய்தால் கூப்பிடுங்கள் என்று வரவேற்பில் நின்று பெயரை எழுத வைத்தேன். அதற்கென்று ஒரு பட்டியல் இருப்பதே கேட்டால்தான் தெரிகிறது. அது பலித்தது. மாத்திரை இல்லாத நாட்களை ஈரத்துணி ஒத்தடமும், ஃப்ரிட்ஜில் வைத்த செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு மருந்தும், படுக்கும் முன் தலைமுடியோடு சேர்த்து முகம் கழுவுவதும்தான் கடத்திவிட்டன. பரிசோதனை கால் மணி நேரத்தில் முடிந்தது: களை மகரந்தம், பூஞ்சை இரண்டுக்கும் கை தடித்தது.

அடுத்த சண்டை மருந்துச் சீட்டில். கெடாமல் காக்கும் ரசாயனம் சேர்க்காத செயற்கைக் கண்ணீர் என்று தெளிவாக எழுதியிருந்தும் கடையில் சாதாரண பாட்டிலைக் கொடுத்து, "ரெண்டும் ஒண்ணுதாங்க" என்றார்கள். ஒன்றில்லை. பல பாட்டில்களில் பென்சல்கோனியம் குளோரைடு என்ற அந்த வகை ரசாயனம் இருக்கும். அடிக்கடி விட்டால் அதுவே கண்ணின் மேற்பரப்பைப் புண்ணாக்கும். மென்மையான லென்ஸ் அதை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், அதனால் லென்ஸைக் கழற்றிவிட்டு மருந்து விட்டு 15 நிமிடமாவது பொறுக்க வேண்டும். பெட்டியைத் திருப்பி அந்தப் பெயரைக் காட்டினேன். மாற்றிக் கொடுத்தார்கள். நீங்களும் கல்லாவை விட்டு நகரும் முன் பெட்டியைப் படித்துவிடுங்கள்.

சொட்டு விடுவதில் ஒரு விஷயம். ஒரு சொட்டே கண் தாங்குவதைவிட அதிகம். இரண்டாவது கன்னத்தில்தான் வழியும். விட்டதும் கண்ணை மூடி, மூக்கோரத்து மூலையை லேசாக அழுத்திக்கொண்டால் மருந்து தொண்டைக்கு இறங்காது. அடுத்த மருந்துக்கு 5 நிமிட இடைவெளி. கணினித் திரையைக் கண் மட்டத்துக்குக் கீழே இறக்கியதும் எனக்கு உடனே பலன் தந்தது. கீழே பார்க்கும்போது இமை தாழ்ந்து, காற்றுப் படும் பரப்பு குறைகிறது.

இலை கூட்டுபவர்கள் தயவுசெய்து பாதுகாப்புக் கண்ணாடி போடுங்கள். இலைத் துணுக்கோ குச்சியோ கீறினால் கருவிழியில் பூஞ்சைத் தொற்று வரலாம். வலி, வெளிச்சம் பார்க்கக் கூசுதல், பார்வை மங்கல் இருந்தால் அன்றே டாக்டரிடம் போக வேண்டும். வீட்டில் மிச்சமிருக்கும் ஸ்டீராய்டு சொட்டை எடுத்து விடவே கூடாது, தொற்று வெறிபிடித்துப் பரவும்.

கடைசியாகப் போனபோது, அடுத்த வருடம் அரிப்பு தொடங்குவதற்கு இரண்டு வாரம் முன்பே ஒவ்வாமைச் சொட்டை ஆரம்பிக்கலாம் என்றார் டாக்டர். அதற்கான சீட்டை அப்போது வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்றது வரவேற்பு மேசை. மறுபடி ஒரு நாள் குறித்துக் காத்திருப்பதற்குள் சீசன் பாதி போய்விடும் என்று சொல்லி, டாக்டரையே கேட்க வைத்தேன். இப்போது அடுத்த வருடத்துக்கான முன்பதிவுத் தேதி அவர்கள் கணினியில் ஏறிவிட்டது. மாத்திரையை நிறுத்த வேண்டிய குறிப்பையும் பரிசோதனைக் கடிதத்தில் சேர்க்கச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன்.