போன்காரர் வீட்டுக் குறிப்புகள்

நவம்பர் 19, 2024

அப்பாவின் செல்போன் காலை ஏழு மணிக்கே அடிக்கத் தொடங்கிவிடுகிறது. கடலூர் துறைமுகத்திலிருந்து மீன்கார அம்மா, "வஞ்சிரம் வந்திருக்கிறது, எடுத்து வைக்கட்டுமா அண்ணே?" என்கிறார். செம்மண்டலத்துத் தையல்காரர், சட்டை தயார் என்கிறார். அப்பா போய்விட்டார் என்று ஒவ்வொருவரிடமும் அதே வாக்கியத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது. மீன்கார அம்மா வாய்விட்டு அழுதார். தையல்காரர் ஒன்றும் பேசாமல் வைத்துவிட்டு, சாயங்காலம் சட்டையோடு வந்து நின்றார். கூலி வாங்க மறுத்துவிட்டார். இளநீலம், முழுக்கை. எப்படியும் முழங்கைக்கு மேல் மடித்துவிடப் போகிறவருக்கு முழுக்கை எதற்கு என்று அம்மா ஒவ்வொரு தீபாவளிக்கும் கேட்பாள்.

அதைத் தன் புடவை அடுக்கில் வைத்துக்கொண்டாள்.

நவம்பர் 20

அம்மா இரண்டு இட்லி சாப்பிட்டாள்.

நவம்பர் 22

பெரியப்பா இன்று திண்ணையில் உட்கார்ந்து யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்: "தம்பி ஊருக்கெல்லாம் செய்தான். வீட்டுக்கென்று என்ன வைத்தான்?"

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. கூடப் பிறந்தவர், உடைந்து போயிருக்கிறார். ஆனாலும் அந்தப் பேச்சு என்னைத் தூங்கவிடவில்லை. வெளியே சிரித்த முகமும் வீட்டுக்குள் கடுகடுப்புமாக இருக்கும் ஆண்களை எனக்குத் தெரியும். என் தோழிகள் சிலருக்கு அப்படித்தான் அப்பா வாய்த்தார். செருப்புச் சத்தம் கேட்டதும் பேச்சை நிறுத்திக்கொள்ளும் வீடுகள் அவை. எங்கள் வீட்டில் தெருமுனையில் அவருடைய சைக்கிள் மணி கேட்டால்தான் பேச்சே ஆரம்பிக்கும். எந்தத் தெருவில் எந்த வீட்டில் என்ன சொன்னார்கள், யார் மோர் கொடுத்தார்கள், யாருடைய மகன் துபாயிலிருந்து பேசினான் என்று அத்தனையும் எங்களுக்குச் சொல்லி முடித்தபிறகுதான் கைகால் கழுவப் போவார். அம்மா டைபாய்டில் படுத்திருந்தபோது எனக்கு இரட்டைப் பின்னல் போட்டுப் பள்ளிக்கு அனுப்பியவர் அவர்தான். ஒன்று காதுக்கு மேலே, ஒன்று காதுக்குக் கீழே. ஆனால் சாயங்காலம் வரை அவிழாது. டெலிபோன் கேபிள் முடிந்து பழகிய கை.

வீட்டுக்கு என்ன வைத்தார் என்றால், இந்த வீட்டை வைத்தார். எங்கள் இருவரையும் படிக்க வைத்தார். அம்மாவுக்கு ஓய்வூதியம் வைத்திருக்கிறார். இதையெல்லாம் சொல்ல வாய் வரை வந்தது. துக்க வீட்டில் பெரியவரிடம் கணக்கு ஒப்பிக்க மனம் வரவில்லை.

ராத்திரி அம்மாவிடம் கேட்டேன். மதியச் சாப்பாட்டுக்கு முன்னறிவிப்பு இல்லாமல் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வருவாரே, உனக்குக் கோபமே வந்ததில்லையா? தினமும் ஓர் ஆழாக்கு அரிசி கூடுதலாகப் போட்டவள் அவள். "சில நாள் வரும். யாரும் வராத நாளில்தான் அதிகமாக வரும்" என்றாள்.

நவம்பர் 25

இறப்பை 21 நாட்களுக்குள் பதிய வேண்டும். தம்பி பதிந்துவிட்டான். அடுத்தது வாரிசுச் சான்றிதழ், பிறகு அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம். அலுவலகத்தில் விண்ணப்பத்தை வாங்கிய பெண், அப்பாவின் பெயரைப் படித்துவிட்டு நிமிர்ந்தார். "போன்காரர் மகளா நீங்கள்?" அவர் வீட்டுக்கு 1996-இல் இணைப்பு கொடுத்தது அப்பாவாம். பல வருடம் காத்திருந்து கிடைத்த போன். இணைப்பு கொடுத்துவிட்டு, அதற்கு மாலை போட்டுப் படம் எடுத்துக்கொண்ட குடும்பத்தோடு அப்பாவும் நின்றாராம். அந்தப் படம் இன்னும் இருக்கிறது, தேடி அனுப்புகிறேன் என்றார்.

நவம்பர் 28

பதினாறாம் நாள் காரியம். வானம் மூடியே இருந்தது.

2020 ஜனவரி 31 அன்று நாடு முழுவதும் எழுபத்தெட்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒரே நாளில் பிஎஸ்என்எல்லிலிருந்து விருப்ப ஓய்வில் வெளியே வந்தார்கள். அன்று அப்பாவோடு கடைசியாகக் கையெழுத்துப் போட்டவர்களெல்லாம் சேர்ந்து வந்திருந்தார்கள். படத்தின் முன்னால் நின்றவர்களில் ஒருவர் திரும்பி என்னிடம் சொன்னார்: "மழைக்காலத்தில் குழிக்குள் உட்கார்ந்து ஜாயின்ட் போடுவோம் அம்மா. கம்பிகளை நிறம் பார்த்து ஜோடி ஜோடியாகச் சேர்க்க வேண்டும், ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்கினாலும் கரகரவென்று இரைச்சல் வரும். உன் அப்பா குடையைத் தன் தலைக்குப் பிடிக்க மாட்டார், ஜாயின்டுக்குப் பிடிப்பார். நனைந்துகொண்டே அந்த வீட்டுப் பாட்டியிடம் முட்டிவலிக்கு வைத்தியம் விசாரித்துக்கொண்டிருப்பார்."

பெரியப்பா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

நவம்பர் 30, இரவு

புயல். ஃபெஞ்சல் என்று பெயர். புதுச்சேரி பக்கம் கரையேறுகிறது என்கிறார்கள். மின்சாரம் இல்லை, மெழுகுவர்த்தியில் எழுதுகிறேன். முருங்கை மரம் விழுந்துவிட்டது.

2011 டிசம்பர் 30-இல் தானே புயல் வந்தபோது காற்று அடங்குவதற்குள் அப்பா கிளம்பிவிட்டார். விழுந்து கிடந்த பலா, முந்திரி மரங்களைத் தாண்டித் தாண்டிப் போனதாகச் சொல்வார். "பண்ருட்டிப் பக்கம் ஒரு பெரியவர் தன் தோப்பைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். போன் வந்துவிட்டது ஐயா, யாரிடம் பேச வேண்டும் என்றேன். யாரிடமும் வேண்டாம், நீ கொஞ்ச நேரம் உட்கார் என்றார். உட்கார்ந்தேன்." இந்தக் கதையை மட்டும் அப்பா சிரிக்காமல் சொல்வார்.

அம்மா தூங்கவில்லை. கதவு அடிக்கும்போதெல்லாம் எழுந்து உட்காருகிறாள்.

டிசம்பர் 1

லேண்ட்லைன் செத்துவிட்டது.

டிசம்பர் 3

புதுச்சேரியில் ஒரே நாளில் 48 செ.மீ. மழை. அது போதாதென்று சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்துவிட்டார்கள். பெண்ணையாறு கரை கொள்ளாமல் ஊருக்குள் புகுந்திருக்கிறது. நாணமேடு, குண்டு உப்பலவாடி, கண்டக்காடு எல்லாம் தண்ணீர். அப்பாவுக்கு அங்கே எத்தனை வீடுகள்!

அவருடைய போனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஊர்ப் பெயர் போட்டுத்தான் எல்லாரையும் பதிந்து வைத்திருக்கிறார், தேடுவது சுலபமாக இருந்தது. ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். அந்தப் பக்கம் அவர் பெயர்தானே தெரியும்? காரியத்துக்கு வந்து சாப்பிட்டுப் போனவரே எடுத்தவுடன் "அண்ணே!" என்றார். பிறகு இருவருமே கொஞ்ச நேரம் பேசவில்லை. பள்ளிக்கூடத்தில் தங்கியிருக்கிறார்களாம். மாடுகளை அவிழ்த்துவிட்டதாகச் சொன்னார். மாட்டைப் பற்றி அப்பா என்ன கேட்டிருப்பார் என்று யோசித்து, கன்று போட்டதா என்று கேட்டேன். போட்டிருக்கிறது.

மூன்று பேர் எடுக்கவில்லை.

டிசம்பர் 4

மூவரும் எடுத்துவிட்டார்கள்.

டிசம்பர் 6

லேண்ட்லைனை ஒப்படைத்துவிடலாம் என்கிறான் தம்பி. மாதாமாதம் வாடகை, யாரும் அதில் கூப்பிடுவதில்லை, அம்மாவுக்குச் செல்போன் இருக்கிறது. அவன் சொல்வதில் தப்பொன்றும் இல்லை. அம்மா முடியாது என்றாள். அவன் விளக்கினான். மறுபடியும் முடியாது என்றாள். அவள் இப்படிக் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை.

அவன் கடைக்குப் போனபிறகு சொன்னாள். எந்த வீட்டில் பழுது பார்த்தாலும், முடிந்ததும் சோதித்துப் பார்க்க அப்பா கூப்பிடுவது நம் வீட்டு எண்ணைத்தான். அந்த வீட்டாரிடம் அனுமதி கேட்டுக்கொண்டு கூப்பிடுவார். இவள் எடுத்தால், "வண்டிப்பாளையம். சரியாகிவிட்டது" என்பார். வைத்துவிடுவார். அடுத்தது மஞ்சக்குப்பம். அடுத்தது புதுப்பாளையம். வேலைக்குப் போய்ச் சேர்ந்த ஆண்கள் எங்கே இருக்கிறார்கள் என்று தெருவில் ஒரு பெண்ணுக்கும் தெரியாத காலத்தில், என் வீட்டுக்காரர் எந்தத் தெருவில் நிற்கிறார் என்று எனக்குத் தெரியும் என்றாள்.

நாங்கள் பள்ளியில் இருந்த நேரம் அது. எங்களுக்குத் தெரியாத ஒரு முழுப் பேச்சு அவர்களுக்குள் நடந்திருக்கிறது.

போன் இருக்கட்டும் என்று தம்பியிடம் சொல்லிவிட்டேன். இனி இந்தப் பேச்சு இல்லை.

டிசம்பர் 13

கார்த்திகை தீபம். தெரு முழுக்க அகல், எங்கள் வாசல் மட்டும் இருட்டு. எதிர்வீட்டு அக்கா பொரி உருண்டை கொடுத்தனுப்பினார்.

டிசம்பர் 26

சுனாமி வந்து இருபது வருடம். தேவனாம்பட்டினத்தில் கடலில் பால் ஊற்றினார்கள் என்று தொலைக்காட்சியில் காட்டினார்கள். மாவட்டத்தில் அறுநூறு பேருக்கு மேல் போனார்கள். அன்று ஞாயிற்றுக்கிழமை, அப்பாவுக்கு விடுமுறை. சைக்கிளை எடுத்துக்கொண்டு போனவர் மறுநாள்தான் வந்தார். நிவாரண முகாம் நடந்த பள்ளிக்கு ஒரு இணைப்பை இழுத்துக் கொடுத்துவிட்டு, அங்கேயே உட்கார்ந்து ஒவ்வொருவருக்கும் எண்ணைச் சுழற்றிக் கொடுத்திருக்கிறார். "அன்றைக்கு ஒருவர்கூட ஹலோ சொல்லவில்லை. எடுத்ததும் பெயரைத்தான் சொன்னார்கள்" என்பார். வரும்போது ஒரு குடும்பத்தையும் கூட்டிவந்தார். எங்கள் கூடத்தில் பொங்கல் வரை இருந்தார்கள். அந்த வீட்டுக் கைக்குழந்தை இப்போது கல்லூரியில் படிக்கிறாள். காரியத்தன்று பந்தி பரிமாறினாளே, அவள்தான்.

ஜனவரி 5, 2025

இன்று யாரும் வரக் கூடாது என்று இருந்தது. ஆனாலும் வந்தார்கள். ஆளுக்கொரு அப்பாவைச் சொல்கிறார்கள், நான் தலையாட்டுகிறேன். எனக்கென்று மட்டும் அவர் வைத்துவிட்டுப் போனது ஏதாவது வேண்டும். யாரும் சொல்லித் தெரியாத ஒன்று.

ஜனவரி 10

ஒப்பந்தக்காரரிடம் வேலை செய்யும் பையன் வந்து லேண்ட்லைனைச் சரிசெய்தான். வயது இருபத்திரண்டு இருக்கும். "செம்புக் கம்பி இனி ரொம்ப நாள் தாங்காது, ஃபைபருக்கு மாறிவிடுங்கள் அக்கா" என்றான். முடித்துவிட்டு வாசலில் நின்றபடி தன் செல்போனிலிருந்து எங்கள் எண்ணைக் கூப்பிட்டுப் பார்த்தான்.

அடுப்படியிலிருந்து அம்மா ஓடி வந்த வேகத்தை நான் பார்த்தேன். எடுத்துக் காதில் வைத்தாள். "சரியாகிவிட்டது அம்மா" என்று அவன் வாசலிலும் சொன்னான், போனிலும் சொன்னான்.

உட்கார வைத்துச் சாப்பாடு போட்டாள். இரண்டாவது தடவை ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான், நல்ல பையன்.

ஜனவரி 14

பொங்கல் இல்லை.

ஜனவரி 16

பரணைச் சுத்தம் செய்தபோது மொய் நோட்டுகள் கிடைத்தன. என் கல்யாண நோட்டு, தம்பி கல்யாண நோட்டு, காதுகுத்து நோட்டு. மூலையில் மஞ்சள், மேலே பிள்ளையார் சுழி, பெயர், ஊர், தொகை. எல்லார் வீட்டிலும் இருப்பதுதான். ஆனால் இதில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, தொகைக்கு அப்பால் இருக்கும் வெற்று இடத்தில், அப்பாவின் பொடி எழுத்து. "மூத்தவள் நர்சிங் 2-ஆம் ஆண்டு. சின்னவன் 9-ஆம் வகுப்பு, கணக்கு வராது, கபடி நன்றாக ஆடுகிறான். மாமியாருக்குக் கண் ஆபரேஷன்." இன்னொன்று: "நெய்வேலி மாற்றல். மனைவிக்கு ஊர் பிடிக்கவில்லை. கேட்க வேண்டும்." சில இடங்களில் பழையதை அடித்துவிட்டுப் புதியதை எழுதியிருக்கிறார். 9-ஆம் வகுப்பு 12 ஆகி, பாலிடெக்னிக் ஆகி, "ஓசூரில் வேலை" என்று முடிகிறது.

அவருக்கு நினைவாற்றல் அதிகம் என்று ஊரே சொல்லும். ஆயிரம் பேர் கூடிய மண்டபத்தில் யாரைப் பார்த்தாலும் பிள்ளையின் பெயர் சொல்லி விசாரிப்பார். அது தானாக வந்தது என்றுதான் நானும் இருந்தேன்.

அம்மாவுக்குத் தெரியும். "கல்யாணத்துக்கு முதல் நாள் ராத்திரி எடுத்து வைத்துக்கொள்வார். பரீட்சைக்குப் படிக்கிற பையன் போல வாய்க்குள் முணுமுணுப்பார்" என்றாள்.

என் மாமியார் வீட்டுப் பக்கத்துக்குத் தனிப் பக்கம் ஒதுக்கியிருக்கிறார். என் நாத்தனாரின் மாமனாருக்குச் சர்க்கரை என்பது வரை இருக்கிறது. தலைதீபாவளிக்கு வந்தவர்கள் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டாரே, அப்போது என் கணவர், "உன் அப்பா எப்படி?" என்று வியந்து கேட்டது நினைவுக்கு வந்தது. நான் புகுந்த வீட்டில் நன்றாக இருக்க வேண்டும் என்று ஒரு மனிதர் விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து படித்திருக்கிறார்.

ஜனவரி 18

ஆற்றுத் திருவிழா. நாங்கள் போகவில்லை. பெண்ணையாற்றங்கரையில் அப்பா வருடாவருடம் சுருளிக்கிழங்கு மூட்டையாக வாங்கிவந்து தெருவில் வீடுவீடாகக் கொடுப்பார். இன்று அந்த வீடுகளிலிருந்து எங்களுக்கு வந்தது. வேகவைத்துத் தோல் உரித்து, அம்மா ஒரு துண்டு வாயில் போட்டாள். மண்வாசனை போகக் கழுவவில்லை என்று என்னைத் திட்டினாள். திட்டியது நன்றாக இருந்தது.

ஜனவரி 22

அப்பா பெயருக்குக் கல்யாணப் பத்திரிகை. "குடும்பத்துடன்." அனுப்பியவருக்கு விஷயம் தெரியாது. பிப்ரவரி 2, திருவந்திபுரம் மலைக்கோயில்.

ஜனவரி 29

தை அமாவாசை. தம்பி வெள்ளிக் கடற்கரையில் தர்ப்பணம் கொடுத்தான். நல்ல கூட்டம். பெரியப்பாவும் வந்திருந்தார். திரும்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார், அப்பாவைப் போலவே விரல்கள். "அவன் இருந்தால் இந்நேரம் நாலு பேரை டீக்கடைக்கு இழுத்துப் போயிருப்பான்" என்றார். நாங்களே போனோம். பக்கத்து மேசைக்காரருக்கும் பெரியப்பாதான் காசு கொடுத்தார்.

பிப்ரவரி 1

நாளைக் கல்யாணத்துக்கு நான் போகிறேன். அம்மா வர மாட்டாள், தம்பி ஒரு வருடம் மலைக்கோயில் பக்கம் போகக் கூடாது. கட்டிக்கொடுத்த பெண் எனக்கு அந்தத் தடை இல்லை. என் கல்யாணத்துக்கு அவர்கள் 501 எழுதியிருக்கிறார்கள். 2001 செய்ய வேண்டும் என்று அம்மா எண்ணிக் கொடுத்தாள். யார் பெயரில் எழுதுவது என்று கேட்டேன். தம்பி பெயரைச் சொல்வாள் என்று நினைத்தேன்.

"என் பெயரில் எழுது" என்றாள்.

நோட்டை எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறேன். பெண்ணின் பாட்டிக்கு முட்டி வலி. பெரிய மாமா நெய்வேலிச் சுரங்கத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், மகள் மதுரையில். சித்திக்குக் குழந்தை பிறந்ததா என்று கேட்கக் கூடாது என்று அடிக்கோடு போட்டிருக்கிறார். சித்தப்பாவின் பெயருக்கு எதிரே பென்சிலில் இரண்டு வரி, அழிந்து போயிருக்கிறது. அம்மா தூங்கிவிட்டாள். காலையில் கிளம்புவதற்குள் கேட்க வேண்டும். முகூர்த்தம் ஆறரைக்கு.