கண் கூசும் பிள்ளையோடு டிஸ்னிலேண்ட்

கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட்டிலிருந்து, டிஸ்னிலேண்ட் இருக்கும் அனஹைமுக்குக் காரில் போகும்போது வழியில் கொலிங்கா என்று ஓர் ஊர் வரும். நெடுஞ்சாலையை ஒட்டியே பெரிய மாட்டுப் பண்ணை. கார்க் கண்ணாடிகளை ஏற்றிவைத்திருந்தாலும் நாற்றம் உள்ளே புகுந்துவிடும். "அம்மாச்சி, மாட்டுப் பண்ணை வந்துருச்சு. இன்னும் பாதிக்கு மேல இருக்கு" என்றாள் மகள், பின் சீட்டில் கண்ணை மூடியபடியே. மதுரையிலிருந்து வந்திருந்த என் அம்மா தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இதுக்கா இம்புட்டுத் தூரம் கூட்டிட்டு வந்தீங்க" என்றார்.

மகளுக்கு 8 வயது. பிறவியிலேயே ஆல்பினிசம். மெலனின் என்கிற நிறமி உடம்பில் சரியாக உருவாகாது. முடியும் தோலும் வெளுத்திருப்பதுதான் பார்க்கிறவர்களுக்குத் தெரியும், ஆனால் சங்கடம் முழுக்கக் கண்ணில். நுணுக்கமாகப் பார்ப்பதற்கென்று விழித்திரையின் நடுவில் இருக்கும் சின்னக் குழி இவர்களுக்கு முழுதாக வளர்வதில்லை. "கண்ணாடி போட்டா சரியாயிடாதா?" என்று கல்யாண வீடுகளில் கேட்பவர்களுக்கெல்லாம் இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. கண்மணிகள் இடவலமாக ஆடிக்கொண்டே இருக்கும். ஆனால் அவளுக்கு உலகம் ஆடுவதில்லை, பிறந்ததிலிருந்தே இப்படி என்பதால் மூளை அதற்குப் பழகிவிடுகிறது. தலையை லேசாக ஒரு பக்கம் சாய்த்தால் ஆட்டம் தணியும், எதையும் அப்படிச் சாய்த்துத்தான் பார்ப்பாள். படிக்கட்டின் விளிம்பு, நடைபாதையின் இறக்கம் சட்டென்று பிடிபடாது. எல்லாவற்றையும் விடப் பெரிய எதிரி வெயில். நிறமி இல்லாத கண் திரைச்சீலை இல்லாத ஜன்னல் மாதிரி, வெளிச்சம் தடையில்லாமல் உள்ளே பாயும்.

ஆகவே எல்லோரும் எந்த ரைடுக்கு எப்போது கூட்டம் குறையும் என்று திட்டம் போட்டுக்கொண்டிருக்க, நான் எந்த வரிசையில் நிழல் இருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தேன். பிப்ரவரியில் ஒரு வார நாளைத் தேர்ந்தெடுத்ததும் அதற்காகத்தான். காலையில் கதவு திறந்ததும் வெளி ரைடுகள், பதினொரு மணிக்கு மேல் நான்கு மணி வரை கூரைக்குக் கீழே நடப்பவை, பொழுது சாய்ந்த பிறகு மறுபடி வெளியே. பையில் சன்ஸ்கிரீன், அகல விளிம்புத் தொப்பி, கறுப்புக் கண்ணாடி இரண்டு ஜோடி, பள்ளியில் கொடுத்த சின்ன ஒற்றைக்கண் தொலைநோக்கி, மடிக்கிற வெள்ளைக்கோல், புளியோதரை. வெளிச் சாப்பாட்டை டிஸ்னிலேண்டில் அனுமதிக்கிறார்கள், கண்ணாடிப் பாத்திரம் மட்டும் கூடாது.

நுழைவாயிலில் பை சோதிக்கிற இடத்தில் வழக்கமான சின்ன நாடகம். வெள்ளை முடிப் பிள்ளையையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "குழந்தை உங்களோடு வந்தவளா?" என்று கேட்டார் ஒருவர். மதுரையில் எல்லோரும் பிள்ளையைத் திரும்பிப் பார்ப்பார்கள். இங்கே அவளைக் கவனிக்க ஆளில்லை, பெற்றவர்களைத்தான் சந்தேகமாகப் பார்க்கிறார்கள். இரண்டில் எனக்கு இது தேவலாம்.

உள்ளே போனதும் இடது பக்கம் சிட்டி ஹால். பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் முதலில் போக வேண்டிய இடம் இதுதான். பிரெய்ல் வழிகாட்டிப் புத்தகம் உண்டு. ஒலி விவரணை சொல்லும் ஒரு கைக்கருவியும் தருகிறார்கள். முன்பணம் கட்ட வேண்டும், திருப்பிக் கொடுக்கும்போது பணம் வந்துவிடும். ரைடுக்குள் ஏறியதும் எந்தக் காட்சிக்கு வந்திருக்கிறோம் என்று கருவி தானே உணர்ந்து, "வலது பக்கம் ஒரு கப்பல், அதன் மேல் ஒருவன்" என்கிற ரீதியில் காதில் சொல்லிக்கொண்டே வரும். சரி, நீண்ட வரிசையில் நிற்காமல் போக ஏதாவது சலுகை உண்டா? முன்பு பலவகைக் குறைபாடு உள்ளவர்களும் அதைப் பெற்றார்கள். 2024இல் விதிகளை மாற்றிவிட்டார்கள். ஆட்டிசம் போன்ற வளர்ச்சிக் குறைபாட்டால் நெடுநேரம் வரிசையில் நிற்க முடியாதவர்களுக்குத்தான் இப்போது அது. எங்களுக்குக் கிடைக்காது என்று தெரிந்தேதான் போனோம். அவளால் நிற்க முடியும், வெயிலில் நிற்க முடியாது என்பதுதான் சிக்கல். அந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை எந்தப் படிவத்தில் எழுதுவது?

மெயின் ஸ்ட்ரீட்டில் அவளை முதலில் இழுத்தது குதிரை. தண்டவாளத்தின் மேல் ஒற்றைக் குதிரை இழுக்கிற டிராம் வண்டி அங்கே ஓடுகிறது. குளம்புச் சத்தம் கேட்டதும் கோலை நிறுத்தி, அது கடந்து போகும்வரை தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றாள். மிட்டாய்க் கடைப் பக்கம் போனால் வெனிலா வாசம். அதையும் ஒரு குழாய் வைத்து வேண்டுமென்றே தெருவுக்கு ஊதிவிடுகிறார்கள்.

தெருக்கோடியில் கோட்டை. 77 அடி உயரம்தான். ஆனால் மேலே போகப் போகக் கற்களைச் சிறிதாக்கிக்கொண்டே போய் உயரமாகத் தோன்றும்படி கட்டியிருக்கிறார்கள். சினிமா செட் போட்ட அனுபவத்தில் செய்த வேலை. மெயின் ஸ்ட்ரீட் கடைகளின் மாடிகளும் இப்படித்தான், நிஜ அளவை விடக் குட்டையானவை. இந்தக் கண்கட்டு வித்தை என் மகளிடம் பலிக்கவில்லை. கல்லே தெரியாதவளுக்குக் கல்லின் அளவு எப்படித் தெரியும்? அகழிப் பாலத்தைத் தாண்டி, குளிர்ந்த வளைவுக்குள் நுழைந்து, காலடி எதிரொலித்து முடிவதற்குள் அந்தப் பக்கம் வந்துவிட்டோம்.

"அரண்மனை எங்கம்மா?"

"இப்பத்தான் அதுக்குள்ள பூந்து வந்தோம்."

"அவ்வளவுதானா?"

என் அம்மாவும் ஒத்துக்கொண்டார். "நம்ம தெக்குக் கோபுரத்துல பாதி இருக்குமா இது?" இருக்காதுதான்.

கோட்டைக்குப் பின்னால் இருக்கும் ஃபேண்டசிலேண்ட், எங்கள் பிள்ளைக்கென்றே கட்டியது போல அமைந்துவிட்டது. பீட்டர் பேன், மிஸ்டர் டோட் போன்றவை 1955இல் பூங்கா திறந்தபோதே இருந்த ரைடுகள். இருட்டறைக்குள் சின்ன வண்டி போகும். சுவர்களில் ஒளிரும் வண்ணம் பூசி, கண்ணுக்குத் தெரியாத புற ஊதா விளக்கை அதன் மேல் அடித்திருப்பார்கள். பின்னணி கறுப்பு, உருவங்கள் மட்டும் பளிச்சென்று மிதக்கும். பார்வை குறைந்த பிள்ளைகளின் வகுப்பில் ஆசிரியர்கள் கறுப்பு அட்டையில் மஞ்சள் எழுத்து ஒட்டுவார்களே, அதே சூத்திரம். கூசுவதற்கு வெளிச்சமில்லை, கலங்குவதற்குப் பின்னணியில்லை. பீட்டர் பேனில் படகு லண்டன் மேலே பறக்கும்போது கீழே ஊரும் பொடி விளக்குகள் அவளுக்குத் தெரியவில்லை. ஆனால் நிலாவும் கப்பலும் தெரிந்தன. யாரும் சொல்லாமலே, "கப்பல்!" என்று என்னை முந்திக்கொண்டு கத்தினாள். வரிசை நீளம்தான், ஆனாலும் இன்னொரு தடவை நின்றோம்.

கஷ்டம் வெளியே வரும்போது. இருட்டிலிருந்து திடீரென்று கதவு திறந்து நடு மதியத்தில் கொண்டுவந்து தள்ளிவிடுவார்கள். அதனால் ரைடின் கடைசிக் காட்சி எது என்று அவள் அப்பா முன்கூட்டியே பார்த்துவைத்திருந்தார். அது வந்ததும், "கண்ணாடி" என்பார். அவளும் போட்டுக்கொள்வாள்.

இட்ஸ் எ ஸ்மால் வேர்ல்ட் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 1964 நியூயார்க் உலகக் கண்காட்சிக்காகச் செய்து, 1966இல் இங்கே கொண்டுவந்த படகு ரைடு. உள்ளே போனால் அழகு. வெளியேதான் பெரிய வெள்ளை முகப்பு, அதில் தங்கப் பூச்சு வேறு. மதியத்தில் அதன் எதிரில் வரிசை. நல்ல கண்ணுள்ள எனக்கே கண்ணில் நீர் வந்தது. பூங்காவிலேயே இவளுக்கு மிக மோசமான இடம் அதுதான். விலகி வந்து, இருட்டிய பிறகு போனோம். வெயில் கூசும் பிள்ளை இருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், இந்த ஒன்றையாவது குறித்துக்கொள்ளுங்கள்.

பைரேட்ஸ் ஆஃப் த கரீபியனில் ஒலி விவரணைக் கருவியின் தராதரம் தெரிந்தது. 1967இல் வந்த ரைடு, இன்றைக்கும் ஒலியமைப்பில் இதை மிஞ்ச ஆளில்லை என்பேன். படகு கிளம்பியதும் சதுப்புநிலத்து இரவு. பூச்சிகள், தவளைகள், எங்கோ ஒருவர் பேன்ஜோ வாசிக்கிறார். பக்கத்திலேயே உணவகம் இருப்பதால் நிஜத் தட்டுகளின் சத்தமும் கேட்கும். கொஞ்ச நேரத்தில் மகள் காதுப்பொறியைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டாள். "இந்த மாமா பேசிக்கிட்டே இருக்காரு, தவளை கேக்கல." அடுத்து இருட்டில் படகு குப்புற இறங்கியதே, அதை எந்தக் கருவியும் அவளுக்குச் சொல்லவில்லை, நாங்களும் சொல்லவில்லை. போட்ட சத்தத்தில் அம்மாவுடையதுதான் பெரியது. அறவே பார்வை இல்லாதவர்களுக்கு இந்தக் கருவி அவசியம், சந்தேகமில்லை. அரைகுறையாகத் தெரிகிற பிள்ளைக்கோ, தானாகக் கண்டுபிடிக்கிற ஆசையில் அது குறுக்கே வருகிறது. ஸ்மால் வேர்ல்டில் காதுப்பொறியைத் திரும்ப மாட்டிக்கொண்டாள், எந்தப் பொம்மை எந்த நாடு என்று தெரிய வேண்டுமே.

பேய் வீட்டு ரைடான ஹான்டட் மேன்ஷனில் ஏறும் இடத்தில் தரையே நகரும், வண்டியும் நகரும். ஆழம் தெரியாத கண்ணுக்கு அது ஆபத்து. அங்கிருந்த ஊழியர் வெள்ளைக்கோலைப் பார்த்ததும், நாங்கள் கேட்பதற்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டார்.

நியூ ஆர்லியன்ஸ் சதுக்கத்தில் ரயில் நிலையம் இருக்கிறது. அங்கே ரயிலுக்காக நின்றபோது, "யாரோ தட்டுறாங்க" என்றாள். எனக்குக் கேட்கவே இல்லை, ரயில் நிலையத்துச் சத்தத்தோடு கலந்திருந்தது. எதிரே இருந்த சின்ன அறையில் ஒரு தந்திக் கருவி டக் டக்கென்று அடித்துக்கொண்டிருந்தது. 1955 ஜூலை 17, திறப்பு நாளில் வால்ட் டிஸ்னி வாசித்த வரவேற்புரையின் தொடக்க வரிகள், பழைய அமெரிக்கத் தந்திக் குறியீட்டில். நாள் முழுக்க அடித்துக்கொண்டே இருக்கிறது. நின்று கேட்பவர் யாரையும் காணோம். இவள் கேட்டதால் எங்கள் ரயில் போய்விட்டது, அடுத்ததில் ஏறினோம்.

மிக்கி மௌஸ் பேசவில்லை. பேசாத ஆளிடம், தூரத்தில் நிற்பது தெரியாத பிள்ளையை எப்படி அறிமுகம் செய்வது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கையில், மிக்கியே மண்டியிட்டு அவள் கையை எடுத்துத் தன் மூக்கில் வைத்தது. காது, கழுத்தில் கட்டிய போ டை, கையுறை எல்லாம் தடவிப் பார்த்தாள். "நாலு விரல்தான் இருக்கு!" என்று அம்மாச்சியிடம் வந்து புகார் சொன்னாள்.

அப்புறம் ஆட்டோபியா. நாங்கள் போனபோது பெட்ரோல் புகை நாறியது, இரைச்சல், குட்டிக் கார்கள். ரைடுகளின் தரவரிசை போடுகிறவர்கள் பெரும்பாலும் கடைசியில் தள்ளிவிடுவார்கள். தனியாக ஓட்ட 54 அங்குல உயரம் வேண்டும், மகளுக்கு அது இல்லை. அதனால் நான் கூட உட்கார்ந்து பெடலை மிதிக்க, ஸ்டியரிங் அவளிடம். "ஏண்டி, பிள்ளைகிட்டப் போயி வண்டியக் குடுக்குற?" என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து அம்மா குரல் கொடுத்தார். காருக்கு அடியில் நடுவே ஒரு இரும்புத் தண்டு ஓடுகிறது, கார் அதை விட்டு விலக முடியாது. எவ்வளவு திருப்பினாலும் டமாலென்று தண்டில் இடித்து மறுபக்கம் வரும். எல்லாப் பிள்ளைகளும் அப்படி இடித்துக்கொண்டுதான் போகின்றன. இவள் முதல் வளைவிலேயே அதைப் புரிந்துகொண்டாள். இடிப்பதற்கு ஒரு நொடி முன்னால் ஸ்டியரிங்கில் வரும் இழுப்பை வைத்துத் திருப்ப ஆரம்பித்தாள். பாதியிலிருந்து இடியே குறைவு. முன்னால் போன காரில் ஒரு தடியான அப்பா இடித்துக்கொண்டே போனார். "அவருக்கு ஓட்டத் தெரியலம்மா" என்றாள். 16 வயதில் இவளுக்கு லைசென்ஸ் கிடைக்குமா என்பது எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுப் பேசாத விஷயம். நான் பெடலை விடாமல் மிதித்துக்கொண்டிருந்தேன்.

பொழுது சாய்ந்ததும் தொப்பியும் கண்ணாடியும் பைக்குள் போயின. தலை நிமிர்ந்து நடந்தாள். தொலைநோக்கியை எடுத்து, பூங்காவுக்குள் இருக்கும் செயற்கை மலையான மேட்டர்ஹார்னைப் பார்த்தாள். பகலில் அதன் பனி வெள்ளையை அவளால் ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை.

கருவியைத் திருப்பிக் கொடுக்க அவள் அப்பா சிட்டி ஹாலுக்குப் போனார். நாங்கள் மெயின் ஸ்ட்ரீட்டில் மார்க்கெட் ஹவுஸ் காபிக் கடையில் உட்கார்ந்தோம். அங்கே சுவரில் பழைய காலத் தொலைபேசிகள் மாட்டியிருக்கின்றன. எடுத்துக் காதில் வைத்தால், ஒரே இணைப்பைப் பல வீடுகள் பகிர்ந்துகொண்ட காலத்து ஊர்க்கதை கேட்கும், ஒட்டுக்கேட்கலாம். மகளுக்கு எட்டியது. வைக்க மனமில்லை. அம்மாச்சியைக் கூப்பிட்டுக் காதில் வைத்தாள். இங்கிலீஷ் புரியாத அம்மா, "யாரோ யாரையோ குறை சொல்றாங்க" என்று சரியாகவே சொன்னார்.

அப்பா வந்ததும், "இன்னைக்கு எது பிடிச்சது?" என்று கேட்டார்.

"போன்."

நான்கு பேருக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்தவர் அவர். போனுக்குக் காசு கிடையாது. "காபியாவது வாங்கினீங்களா?" என்றார்.