அண்ணாச்சி எடுக்காத குப்பை

மறுசுழற்சி பற்றி யார் கேட்டாலும் நான் கை காட்டுவது ஒரே இடத்தைத்தான், பக்கத்துத் தெரு பழைய பேப்பர் கடை. பிளாஸ்டிக் டப்பாவின் அடியில் அம்புக்குறி முக்கோணம் போட்டு நடுவில் ஒரு எண் இருக்குமே, அதைப் பார்த்து ஏமாறாதீர்கள். அது என்ன வகை பிளாஸ்டிக் என்றுதான் அந்த எண் சொல்லும். அதை வாங்கி உருக்க ஆள் இருக்கிறதா இல்லையா என்பதைக் கடைக்கார அண்ணாச்சியின் தராசுதான் சொல்லும்.

தாமிரத்துக்கு எப்போதும் ராஜ மரியாதை. அடுத்து பித்தளை, அப்புறம் அலுமினியம், அதற்கும் கீழே இரும்பு, பேப்பர், அட்டை. நசுங்கிப்போன அலுமினியச் சட்டிக்குக்கூட ஏன் இவ்வளவு கிராக்கி என்றால், பாக்சைட் தாதுவைத் தோண்டிப் புதிதாக அலுமினியம் எடுக்க ஆகும் எரிசக்தியில் சுமார் 5 சதவீதம் இருந்தால் போதும், பழையதை உருக்கிவிடலாம். இதில் சுற்றுச்சூழல் பாசமெல்லாம் ஒன்றும் இல்லை, சுத்தமான வியாபாரக் கணக்கு.

பால் கவரும் நல்ல சரக்குதான், ஆனால் கழுவிக் காயவைத்திருக்க வேண்டும். மோர் நாற்றம் அடிக்கிற மூட்டையை அண்ணாச்சி மூக்கைப் பிடித்துக்கொண்டு திருப்பி அனுப்பிவிடுவார். இன்னொரு விஷயம், கவரை வெட்டும்போது மூலையைத் தனியாகத் துண்டித்துவிடாதீர்கள். பாதி வெட்டி, அந்தத் துணுக்கு கவரோடு ஒட்டிக்கொண்டே இருக்கும்படி விட்டால் போதும், பால் தாராளமாக ஊற்றும். துண்டாக விழுகிற அந்த முக்கோணத்தை எந்தக் கடையிலும் எடை போட முடியாது, அது நேராகச் சாக்கடைக்குத்தான்.

தண்ணீர் பாட்டில் கதை இன்னும் சுவாரஸ்யம். அண்ணாச்சி கடைப் பையன் பாட்டிலைக் கையில் எடுத்ததும் மூடியைத் திருகி வேறு சாக்கில் போடுவான். மூடி வேறு பிளாஸ்டிக், பாட்டில் வேறு பிளாஸ்டிக். இரண்டையும் நறுக்கித் தண்ணீர் வாளியில் போட்டால் மூடித் துண்டுகள் மிதக்கும், பாட்டில் துண்டுகள் அடியில் போய் உட்கார்ந்துவிடும். பெரிய ஆலைகளில் பிரிப்பதும் இந்த முறையில்தான். அடியில் தங்கும் சில்லுகளை உருக்கி இழையாக்கினால் பாலியஸ்டர் நூல். 2023 பிப்ரவரியில் பிரதமர் நாடாளுமன்றத்துக்குப் போட்டு வந்தாரே ஒரு நீலநிற மேல்சட்டை, அதன் துணி நம்ம கரூரில் பழைய பாட்டிலிலிருந்து தயாரானது.

சரி, எடுக்காத பட்டியலுக்கு வருவோம். சிப்ஸ் கவர், பிஸ்கட் உறை, ஷாம்பு சாஷே. "இதெல்லாம் போகாது தம்பி" என்று ஒரே வார்த்தை. ஏன் போகாது? வெளியே அச்சடித்த ஒரு பிலிம், நடுவில் பளபளவென்று அலுமினியப் பூச்சு, உள்ளே ஒட்டுவதற்கு இன்னொரு பிலிம், எல்லாவற்றையும் பிரிக்க முடியாதபடி ஒன்றாக ஒட்டியிருக்கிறார்கள். மழை, ஈரம், காற்று எதுவும் உள்ளே போகக்கூடாது என்று செய்தது, அந்த வேலையை நன்றாகத்தான் செய்கிறது. ஆனால் உருக்குகிறவனுக்கு அது ஒரு பொருளே இல்லை, நாலைந்து பொருள்களின் கலவை. போதாததற்கு ஒரு சாக்கு நிறையத் திணித்தாலும் எடை வராது.

அப்படியானால் இவை எங்கே போகின்றன? மாநகராட்சி பிரித்தெடுப்பதில் கொஞ்சம் அரியலூர் பக்கம் சிமென்ட் ஆலைகளுக்கு எரிபொருளாகப் போகிறது, எரிப்பதை மறுசுழற்சி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கொஞ்சம் ரோடாகிறது. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன் கண்டுபிடித்த முறை அது, 2018ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். சூடான ஜல்லியின் மேல் நறுக்கிய பிளாஸ்டிக்கைத் தூவினால் உருகிப் படலமாக ஒட்டிக்கொள்ளும், அதன்மேல் தாரைக் கலப்பார்கள். பைப் செய்கிற பி.வி.சி பிளாஸ்டிக்கை மட்டும் சேர்க்கக்கூடாது, விஷவாயு வரும்.

கண்ணாடி பாட்டில்மீதும் அண்ணாச்சிக்குப் பெரிய ஆசை கிடையாது, கனம் அதிகம், காசு கம்மி, கையைக் கிழிக்கும். நீலகிரிக் காடுகளில் உடைந்த மது பாட்டில்கள் யானைக் காலைக் குத்துகின்றன என்று உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகு, 2022 மே மாதம் அங்கே டாஸ்மாக் கடைகளில் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தர ஆரம்பித்தார்கள். குடித்தவர் வீசிவிட்டுப் போனாலும் பத்து ரூபாய் ஆயிற்றே என்று வேறொருவர் பொறுக்கிவிடுவார். புதுசு ஒன்றும் இல்லை, கோலி சோடா குடித்த தலைமுறைக்கு காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுக்காமல் நகர முடியாது என்பது தெரியும். என்னைக் கேட்டால், ஆயிரம் விழிப்புணர்வுப் பேரணி செய்யாததை அந்தப் பத்து ரூபாய் செய்யும்.

இதையே சாஷேக்கும் கொண்டு வந்தால் என்ன என்று அண்ணாச்சியிடம் கேட்டேன். (சாஷேயை நாட்டுக்கே பழக்கிவிட்டவர் நம்ம கடலூர் சின்னி கிருஷ்ணன் என்பது வேறு கதை.) "ஒரு ரூவா சாமானுக்கு எவன் தம்பி டெபாசிட் கட்டுவான்?" என்றார். நியாயம்தான். அதனால் எங்கள் வீட்டில் இப்போது ஷாம்பு பெரிய பாட்டில்தான், அதிலும் பம்ப் உள்ளே ஒரு கம்பிச் சுருள் ஒளிந்திருக்கிறது, அதைக் கழற்றி எடுத்தால்தான் அண்ணாச்சி தராசில் வைப்பார்.