நடுக்கடல் கலங்கரை விளக்கத்தை ஏற்று நடத்துவது: விண்ணப்பம் முதல் பெயிண்ட் வரை

அமெரிக்காவில் பழைய கலங்கரை விளக்கங்களை அரசு இலவசமாகக் கொடுக்கிறது என்று அவ்வப்போது செய்தி வரும். உண்மைதான். ஆனால் தண்ணீருக்குள் நிற்கும் விளக்கமாக இருந்தால், ஒரே இடத்துக்கு மூன்று சொந்தக்காரர்கள் இருப்பார்கள். கட்டடம் வாங்குபவருக்கு. உச்சியில் எரியும் விளக்கும் அதன் சாதனங்களும் கடலோரக் காவல் படையான கோஸ்ட் கார்டுக்கு. அவற்றைப் பராமரிக்க வந்துபோகும் உரிமையும் பத்திரத்திலேயே எழுதப்பட்டுவிடும். அடியில் இருக்கும் கடலடி நிலம் பெரும்பாலும் மாநில அரசுக்கு. இந்த மூன்றாவதை யாரும் முதலில் யோசிப்பதில்லை. மாநில அலுவலகத்தில் குத்தகையோ அனுமதியோ பேசி முடிக்காமல் பத்திரத்தை மட்டும் கையில் வைத்திருந்தால், பிறகு வேலை நகராது.

வழிமுறை 2000-ஆம் ஆண்டின் கலங்கரை விளக்கப் பாதுகாப்புச் சட்டத்தின்படி நடக்கிறது. கோஸ்ட் கார்டு உபரி என்று ஒதுக்கியதை ஜி.எஸ்.ஏ. எனப்படும் அரசுச் சொத்து நிர்வாகத் துறை அறிவிப்பாக வெளியிடும். 60 நாளுக்குள் விருப்பக் கடிதம் போக வேண்டும். அரசு அமைப்புகள், லாப நோக்கற்ற அமைப்புகள், கல்வி நிறுவனங்கள் போன்றவைதான் கேட்கலாம்; தனிநபருக்கு இந்தக் கட்டத்தில் இடமில்லை. தகுதியான அமைப்பு எதுவும் கிடைக்காவிட்டால்தான் ஏலம், அதில் யார் வேண்டுமானாலும் கலந்துகொள்ளலாம்.

அடுத்தது நேரில் போய்ப் பார்ப்பது. இதற்குப் பொறியாளர் ஒருவரைக் கட்டாயம் கூட்டிப் போங்கள். அதன்பின் எழுதி அனுப்பும் விண்ணப்பத்தைப் படிப்பது அரசுத் துறையான தேசியப் பூங்கா சேவை. அவர்கள் கேட்பது நான்கு: எப்படிப் பாதுகாப்பீர்கள், எதற்குப் பயன்படுத்துவீர்கள், யார் நடத்துவார்கள், பணம் எங்கிருந்து வரும். விழுகிற விண்ணப்பங்கள் பெரும்பாலும் கடைசிக் கேள்வியில்தான் விழும். 'நன்கொடை திரட்டுவோம்' என்று ஒரு வரி எழுதினால் போதாது. படகு, காப்பீடு, டீசல், நல்ல தண்ணீர் எல்லாவற்றுக்கும் ஆண்டுக் கணக்கு வேண்டும். பொதுமக்களை உள்ளே விட வேண்டும் என்பதும் நிபந்தனை. மீறினால் சொத்து அரசுக்கே திரும்பிப் போகலாம்.

கூட்டாகக் கேட்பது நல்ல வழி. அமெரிக்கக் கிழக்குக் கரையில் உள்ள செசபீக் விரிகுடாவின் தாமஸ் பாயின்ட் ஷோல் விளக்கம் 2004-இல் அனாபொலிஸ் நகராட்சிக்குப் போனது. கவுண்டி (மாவட்ட) நிர்வாகம், கடல்சார் அருங்காட்சியகம், கலங்கரை விளக்கச் சங்கம் ஆகியவையும் சேர்ந்துகொண்டன. 1875-இல் எரியத் தொடங்கிய அறுகோண மரவீடு அது. மணலிலும் சேற்றிலும் திருகி இறக்கிய இரும்புத் தூண்கள்மேல் நிற்கிறது. அயர்லாந்தின் அலெக்சாண்டர் மிட்செல் 1833-இல் காப்புரிமை பெற்ற முறை இது. அடித்தளம் போட ஆழமாகத் தோண்ட வேண்டியதில்லை என்பது லாபம். பனிக்கட்டி நகர்ந்து வந்து மோதினால் தாங்காது என்பது நஷ்டம். 1881-இல் அதே விரிகுடாவின் ஷார்ப்ஸ் தீவு விளக்கத்தின் வீட்டைப் பனிக்கட்டி பிய்த்துக்கொண்டு போனது. உள்ளே விளக்கைக் கவனிக்கும் காவலர்கள் இருந்தார்கள், பிழைத்தும் வந்தார்கள்! இப்படித் திருகுத் தூண்மேல் நிற்கும் வகையில், அந்த விரிகுடாவில் பிறந்த இடத்திலேயே இன்னும் நிற்பது தாமஸ் பாயின்ட் ஒன்றுதான். ஹூப்பர் நீரிணை, டிரம் பாயின்ட் வீடுகளையெல்லாம் கரைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள்.

கைக்கு வந்தபின் பெயிண்ட் டப்பாவைத் திறக்காதீர்கள். முதல் வேலை காற்றோட்டம். ஆள் இல்லாமல் தானாக எரியத் தொடங்கிய காலத்தில் ஜன்னல்களை அடைத்து மூடியிருப்பார்கள். உள்ளே அடைபட்ட ஈரம் இரவில் வார்ப்பிரும்பில் வியர்க்கும், பெயிண்ட் உரியும், பலகை இற்றுப் போகும். விளக்கறைச் சுவரில் பித்தளைக் காற்றுத் துளைகள் இருக்கும். அவை பல அடுக்குப் பெயிண்டில் ஒட்டிக்கிடக்கும். அவற்றையும் கூரைமேல் இருக்கும் உருண்டைக் காற்றுப் போக்கியையும் திறந்துவிட்டாலே பாதி நோய் நிற்கும்.

பறவை எச்சத்தைக் காய்ந்தபடியே பெருக்கக் கூடாது, பூஞ்சைத் தூசி நுரையீரலுக்கு ஆபத்து. நனைத்து, முகக்கவசத்தோடு அள்ள வேண்டும். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கும். சுரண்டியது ஒரு சிட்டிகைகூடத் தண்ணீரில் விழாமல் பிடித்து, கரைக்குக் கொண்டுவர வேண்டும்.

இரும்பில் உப்பு ஒட்டியிருக்கும்போது எவ்வளவு உயர்ந்த பெயிண்ட் அடித்தாலும் சீக்கிரமே கொப்புளம் கிளம்பும். அதனால் நல்ல தண்ணீரால் கழுவி, உப்புப் பரிசோதனை செய்து, அதற்குப் பிறகே ப்ரைமர். ஆயிரம் லிட்டர் தண்ணீர் ஒரு டன் எடை, எல்லாம் படகில்தான் வர வேண்டும். இரும்பின் வெப்பம் பனிபடு நிலையைவிட (காற்றிலுள்ள ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) 3 டிகிரி செல்சியஸாவது கூடுதலாக இருக்க வேண்டும். கடலில் காலையில் அது அமையாது. சுத்தம் செய்த பரப்பை அன்றைக்கே மூடாவிட்டால் மறுநாள் செந்துரு படர்ந்திருக்கும். ஆகவே அன்று பெயிண்ட் அடிக்க முடிகிற அளவுக்கு மட்டும் சுரண்டுங்கள்.

செங்கல் கோபுரமாக இருந்தால் சிமென்ட் பூசாதீர்கள். பழைய செங்கல் மென்மையானது, சிமென்ட் ஈரத்தை உள்ளேயே அடைத்து, செங்கல்லின் முகப்பைப் பெயர்த்துவிடும். சுண்ணாம்புக் காரைதான் சரி. வரலாற்றுக் கட்டடம் என்பதால் எதை மாற்றுவதானாலும் மாநில வரலாற்றுச் சின்னப் பாதுகாப்பு அலுவலகத்தின் ஒப்புதல் முதலில் வேண்டும்; கதவு தாழ்ப்பாள்கூட விதிவிலக்கில்லை. இந்தக் கடிதப் போக்குவரத்தைக் குளிர்காலத்திலேயே முடித்துவிடுங்கள். கடல் அமைதியாக இருக்கும் சில மாதங்களை அலுவலகப் பதிலுக்காகக் காத்திருந்து கழித்தால், அடுத்த வாய்ப்பு மறு ஆண்டுதான்.