இரத்தம் காயாத கை

சாதாரண தரப் பரீட்சை நெருங்கினால் போதும், திருகோணமலைப் பிள்ளைகள் ஆங்கில மரபுத்தொடர்களைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யத் தொடங்கிவிடுகிறார்கள். எனக்கு மனம் பொறுக்கவில்லை. கதையோடு சொன்னால் எந்தப் பிள்ளை மறக்கும்?

‘காட் ரெட்-ஹான்டட்’ என்பதில் இருக்கும் சிவப்பு, இரத்தம். கொலை செய்தவன் கையில் இரத்தம் காயுமுன்னே அகப்படுவது. 15ஆம் நூற்றாண்டு ஸ்கொட்லாந்துச் சட்டங்களிலேயே ‘சிவந்த கை’ வந்துவிட்டது. நமது ‘கையும் களவுமாக’ப் பிடிபடுபவனிடம் இருப்பதோ திருட்டுப் பொருள். குற்றம் வேறு, அகப்படும் விதம் ஒன்றுதான்!

‘காட் நாப்பிங்’ எளிது: அசந்த நேரத்தில் மாட்டிக்கொள்வது.

‘ஹுக், லைன் அன்ட் சிங்கர்’ தொடரை நம் பிள்ளைகளுக்கு விளக்கவே வேண்டியதில்லை. டச்சு விரிகுடாக் கரையில் வெறும் போத்தலில் நூலைச் சுற்றித் தூண்டில் போடும் பையனைக் கேளுங்கள். இரையைக் கொத்தியதோடு நிற்காமல் தூண்டில் முள், நூல், ஈயக்குண்டு அத்தனையையும் விழுங்கிவிட்ட மீன் அது. சொன்ன பொய்யை அப்படியே நம்பி ஏமாறுபவனுக்கு இதைவிடப் பொருத்தமான படம் கிடைக்குமா?

ஆசிரிய நண்பர்களே, ஒரு பாடவேளையாவது பட்டியலை மூடிவைத்துவிட்டு இப்படிச் சொல்லிக்கொடுங்கள்.