ஜப்பானியச் சாயல் மரச்சாமான்கள்: படக் கேள்வியை நான் எழுதும் முறை

வடிவமைப்பு வரலாற்றுத் தாளில் 19ஆம் நூற்றாண்டுப் பிற்பகுதி அலமாரி ஒன்றின் படத்தைக் கொடுத்து, ஆசியத் தாக்கத்தை விளக்கச் சொல்வார்கள். விசிறி, கொக்கு, மூங்கில் என்று கண்ணில் பட்டதையெல்லாம் அடுக்கினால் மதிப்பெண் தேறாது. நான் செய்வது, அலங்காரத்தைக் கையால் மறைத்துவிட்டு மிச்சமுள்ள மரச்சட்டத்தைப் பார்ப்பது.

இதற்கு நல்ல பயிற்சி, ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் எட்வர்ட் வில்லியம் காட்வின் 1867 வாக்கில் வடிவமைத்த சைட்போர்டு, அதாவது சாப்பாட்டு அறையில் பாத்திரங்கள் வைக்கும் அலமாரி. லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கறுப்பேற்றிய மஹோகனி, வெள்ளி முலாம் பூசிய பிடிகள், தோல் போலத் தெரியும் புடைப்புக் காகிதப் பலகங்கள். பலகங்களை மறைத்தாலும் ஜப்பான் மறையாது. மெலிந்த கால்களும் குறுக்குச் சட்டங்களும் வெட்டிக்கொள்ளும் விதத்திலும், மூடிய பெட்டிகளுக்கு நடுவே விட்ட வெற்றிடத்திலும் அது இருக்கிறது. இன்னொன்று: பாயில் உட்கார்ந்து பழகிய ஜப்பானிய வீட்டில் சைட்போர்டே கிடையாது. நகலெடுக்க மூலம் இல்லாததால், சட்டங்களின் ஒழுங்கைத்தான் எடுத்தாள வேண்டியிருந்தது. விடையின் முதுகெலும்பாக இதையே வையுங்கள்.

ஆண்டுகளை அள்ளித் தெளிக்க வேண்டாம். ஜப்பான் தாக்கம் பரவியதற்குச் சான்றாக, பிரிட்டனுக்கு, ஜப்பானில் பிரிட்டிஷ் தூதராக இருந்த ஆல்காக் திரட்டிய ஜப்பானியப் பொருள்கள் இடம்பெற்ற 1862 லண்டன் கண்காட்சி, அமெரிக்காவுக்கு 1876 பிலடெல்பியா கண்காட்சி. போதும்.

அப்புறம், நியூயார்க் மரச்சாமான் நிறுவனமான ஹெர்ட்டர் பிரதர்ஸ் 1880களின் முற்பாதியில் செய்த கறுப்பு உடையலமாரி வந்தால் என் வித்தை பலிக்காது. அங்கே சட்டம் வெறும் நேர்ப்பெட்டி. மேல் விளிம்பில் அடர்ந்த பூக்கள், கதவுகளில் சமச்சீரில்லாமல் உதிரும் இதழ்கள், நடுவில் பெரிய வெறுமை. மரப்பதிப்பு வேலையின் (பல நிற மரத் துண்டுகளைப் பதித்து உருவம் வரைவது) இந்த இடவமைப்பைத்தான் எழுத வேண்டும். எனக்குக் காட்வினைவிட இதுதான் பிடிக்கும், ஆனால் தேர்வில் எழுதச் சிரமமானதும் இதுதான். மேப்பிள் மரத்தை மூங்கில் கணுப்போலக் கடைந்த அமெரிக்கப் படுக்கையறைச் சாமான்கள் சுலபம்: உருவம் மேற்கு, மேற்பூச்சு கிழக்கு என்று இரண்டு வரியில் முடித்துவிடலாம்.

கறுப்பாக இருப்பதையெல்லாம் ஜப்பானிய அரக்குப்பூச்சு என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அது உருஷி மரத்தின் பாலைப் பல அடுக்காகப் பூசிச் செய்வது. காட்வின், ஹெர்ட்டர் சாமான்களில் இருப்பது கருங்காலி போலத் தெரியச் சாயமேற்றி மெருகிட்ட மரம். படத்தின் கீழே பொருள் விவரம் கொடுத்திருந்தால் முதலில் அதைப் படியுங்கள்.