சுவரை நக்கும் குதிரை

"மண்ணைத் தின்னுதுங்க, ஏதாச்சும் டானிக் சொல்லுங்க." மாதம் தவறாமல் யாராவது ஒருவர் இப்படிப் போன் செய்துவிடுகிறார். கோவைப் பக்கம் ஒரு லாயத்தைப் பார்த்துக்கொள்கிறேன். ஆடி மாதம் அந்தியூர்ச் சந்தையில் ஆசைப்பட்டுக் குதிரை பிடித்துப் போனவர்களிடம் என் நம்பர் எப்படியோ போய்ச் சேர்ந்துவிடுகிறது. நான் டாக்டர் இல்லை என்று சொன்னால் யாரும் காதில் வாங்குவதில்லை. சரி என்று, டானிக் பேச்சை ஓரமாக வைத்துவிட்டு, விடிந்ததிலிருந்து ராத்திரி வரை தொட்டியில் என்னென்ன விழுகிறது என்று விசாரிப்பேன். பாதிக் கதை அதிலேயே வெளியே வந்துவிடும்.

மரம் கடிக்கிற குதிரையை எடுத்துக்கொள்ளுங்கள். மேய்ச்சலில் விட்டால் குதிரை ஒரு நாளில் 14, 16 மணி நேரம்கூட மேயும். அதன் வயிற்றில் அமிலம் இரவும் பகலும் சுரந்துகொண்டே இருக்கும். அதைத் தணிக்கிற எச்சிலோ மெல்லும்போது மட்டும்தான் ஊறும். நாம் போடுவது காலையில் ஒரு கட்டுப் புல், சாயங்காலம் ஒரு கட்டு, நடுவில் அவித்த கொள்ளு. கொள்ளைக் கால் மணியில் காலி செய்துவிட்டு, மீதி நேரம் அது கதவுக் கட்டையைக் கடிக்காமல் வேறு என்ன செய்யும்? "20 கிலோ பசும்புல் போடறேனுங்க" என்பார்கள். அவர்கள் போடுவது பெரும்பாலும் கோ-4, நேப்பியர் வகைத் தீவனப் புல். அதில் ஐந்தில் நாலு பங்கு தண்ணீர். 20 கிலோவில் உலர் எடை 4 கிலோ தேறினால் பெரிது. 350 கிலோ குதிரைக்கு உலர்ந்த கணக்கிலேயே 5 முதல் 7 கிலோ வேண்டும்.

கோபிப் பக்கம் ஒரு கத்தியவாரி இனப் பெண்குதிரை. வெள்ளையடித்த லாயச் சுவரில் இடுப்பு உயரத்துக்கு வில் வளைவாகச் செங்கல் தெரிந்தது. அவ்வளவும் நாக்கு செய்த வேலை. நான் போனபோதும் உதட்டோரம் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது. தீவனம் கோ-4, கூடவே தினம் ரெண்டு போசி கோதுமைத் தவிடு. ஆள் பாசக்காரர், ஆனால் இதைவிட மோசமான ஜோடி கிடைக்காது. தவிட்டில் பாஸ்பரஸ் கால்சியத்தைவிடப் பல மடங்கு. நேப்பியர் வகைப் புல்லில் உள்ள ஆக்ஸலேட், இருக்கிற கொஞ்சநஞ்சக் கால்சியத்தையும் கட்டிப்போட்டுவிடும். மாட்டின் அசைபோடும் வயிற்றில் உள்ள நுண்ணுயிர்கள் ஆக்ஸலேட்டை ஓரளவு சிதைத்துவிடும், குதிரைக்கு அந்த வசதி இல்லை. குறைகிற கால்சியத்தை உடம்பு எலும்பிலிருந்து உருவிக்கொள்ளும். முற்றினால் முக எலும்பு இரண்டு பக்கமும் வீங்கும், நொண்டல் வரும். அந்தக் காலத்தில் மாவு மில்காரர்களின் குதிரைகளுக்கு அடிக்கடி வந்த நோய் இது. மில்லில் தவிட்டுக்கா பஞ்சம்?

அந்தப் பெண்குதிரையின் ரத்தத்தைச் சோதித்தபோது கால்சியம் சரியாகவே காட்டியது. எலும்பு ஈடுகட்டிக்கொண்டே இருப்பதால் அப்படிக் காட்டலாம் என்றார் டாக்டர். தவிட்டை நிறுத்திவிட்டு, குதிரைமசால் என்கிற தீவனப் பயிரும் சோளத்தட்டும் போடச் சொன்னார், கால்சியமும் எழுதிக்கொடுத்தார். சுவர்ப் பக்கம் போவது மெதுவாகக் குறைந்தது.

நம் ஊரில் குதிரைத் தீனியில் கூத்து நடப்பது புதிதில்லை. 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, இங்கே குதிரைகளுக்குச் சோறும் வேகவைத்த இறைச்சியும் போடுகிறார்கள், அதனால்தான் செத்துப்போகின்றன என்று எழுதிவைத்தார். கடல் கடந்து வந்த குதிரைகள் வருஷாவருஷம் ஆயிரக்கணக்கில் இறங்கினவாம். மனுஷன் கொஞ்சம் ஏற்றிச் சொல்லியிருக்கலாம். இன்றைக்குப் பரோட்டா ஊட்டி வீடியோ போடுகிறவர்களைப் பார்க்கும்போது நம்பத்தான் தோன்றுகிறது.

மண் தின்பதற்கு மட்டும் ஒரே காரணம் சொல்ல முடியாது. வியர்வையில் நிறைய உப்பு போகிற மிருகம் அது, அதனால் முதலில் தொட்டியோரம் ஒரு இந்துப்புக் கட்டி வையுங்கள். ஆஸ்திரேலியாவில் குதிரைகள் தேடித் தின்ற மண்ணைச் சோதித்தபோது, பக்கத்து மண்ணைவிட இரும்பும் தாமிரமும் அதில் கூடுதலாக இருந்தன. சில குதிரைகள் வெறும் சலிப்பில் தின்னும். காரணம் எதுவானாலும் மணல் குடலில் தங்கினால் வயிற்றுவலி வந்து உயிருக்கே ஆபத்து. நாலைந்து லத்தி உருண்டைகளைத் தண்ணீர் வாளியில் போட்டுக் கரைத்து, மேலே மிதப்பதை மெதுவாக ஊற்றிவிட்டு, அடியில் விரலை விட்டுப் பாருங்கள். நறநறவென்று மணல் அகப்பட்டால் டாக்டரைக் கூப்பிடுங்கள். ஒன்றும் அகப்படவில்லை என்றாலும் உள்ளே இல்லை என்று அர்த்தமில்லை.

அப்புறம், குட்டி தாயின் லத்தியைத் தின்கிறது என்று பதறிப் போன் செய்கிறவர்களுக்கு: பிறந்த முதல் சில வாரங்களில் அது சகஜம். குடலுக்கு வேண்டிய நுண்ணுயிர்கள் அப்படித்தான் போய்ச் சேர்கின்றன என்று சொல்கிறார்கள். வாய்ப்பூட்டெல்லாம் போடாதீர்கள். தாய்க்குக் குடற்புழு மருந்து கொடுத்தாகிவிட்டதா என்று மட்டும் பாருங்கள். வளர்ந்த குதிரை அதையே செய்தால், நாரோ புரதமோ பற்றாமல் இருக்கலாம்.